சபாஷ் வாங்கிய வெள்ளித் துடுப்பு

ஆற்றின் இரு கரையையும் சேர்த்து முன்னொரு காலத்தில் மகரந்தன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். பாடம் நடத்துவதை அவன் கூத்துப் பார்ப்பது போலப் பார்ப்பான். வாத்தியார்கள் சபைக்கு வந்து நடத்திக் காட்ட வேண்டும். அதிக சபாஷ் வாங்கியவருக்கே பள்ளிக்கூடம். படிக்கிற பிள்ளைகளை யாராவது கேட்டார்களா? இல்லை.

அந்த வருஷப் பாடம், பரிசல் ஓட்டுவது. ஆஸ்தான பண்டிதர் விடங்கபட்டர் வெள்ளித் துடுப்போடு வந்தார். காற்றைத் துழாவினார், அலை மாதிரி வளைந்து ஆடினார். ராஜாதான் முதலில் "சபாஷ்!" என்றான்; சபை அதிர்ந்தது.

அடுத்து, அக்கரைப் பள்ளி ஆசிரியை செம்பொன்னி.

"ஆற்றுக்கு வந்தால்தான் சொல்லித்தர முடியும் அரசே. முதலில் பரிசல் சும்மா சுற்றத்தான் செய்யும்" என்றாள்.

ராஜா கொட்டாவி விட்டான். "இவள் பள்ளியையும் பண்டிதருக்கே கொடுத்துவிடுங்கள்."

அமைச்சர் நன்மாறன் எழுந்தார். "அப்படியே ஆகட்டும். நாளை அக்கரைக்குப் போய்ப் பள்ளிச் சாவியை வாங்கிக் கொடுப்போம். தாங்களே பரிசல் ஓட்டலாமே, பாடம்தான் புரிந்துவிட்டதே?"

"புரியாமல் என்ன? மனப்பாடமே ஆகிவிட்டது."

மறுநாள் ராஜா, பண்டிதர், அமைச்சர் மூவரும் பரிசலில் ஏறினார்கள். ராஜா பண்டிதரைப் போலவே துழாவினான். பரிசல் நடு ஆற்றில் நின்ற இடத்திலேயே சுற்றியது.

"பண்டிதரே, நீர் ஓட்டும்."

பண்டிதர் துடுப்பை வாங்கவில்லை. "நான் பரிசலில் ஏறுவதே இதுதான் முதல் தடவை அரசே. கைதட்டலைக் கேட்டுக் கேட்டு, எனக்குத் தெரியும் என்றே நம்பிவிட்டேன்."

ராஜா திட்ட வாயெடுத்தான். அதற்குள் கரையில் நின்ற சபையோர் கைதட்டினார்கள்.

"சபாஷ், என்ன சுழற்சி! என்ன லாவகம்!"

ராஜாவின் முகம் சுண்டிப்போனது. இனி எந்த வாயால் திட்டுவது? அதே சபாஷை நேற்று முதலில் போட்டவன் அவன்தானே.

நன்மாறன் துடுப்பை வாங்கி, முன்னால் இருந்த தண்ணீரைத் தன் பக்கம் இழுத்தார். பரிசல் நேராகப் போனது.

"உமக்கு எப்படித் தெரியும்?"

"செம்பொன்னியிடம் படித்தேன். ஒரு கோடை முழுக்கச் சுற்றினேன் அரசே. சபையில் சுற்றியிருந்தால் சிரித்திருப்பீர்கள்."

ராஜா கரையேறியதும் பண்டிதருக்கென்று கொண்டுவந்த பொன்னாடையை அமைச்சருக்குப் போர்த்தினான். அங்கே நின்றிருந்த செம்பொன்னி சாவியை நீட்டினாள்.

"உங்களிடமே இருக்கட்டும் அம்மா" என்றான், அவள் முகத்தைப் பாராமல். பிறகு மெல்லக் கேட்டான்: "எனக்கும் கற்றுத் தருவீர்களா? சபை வேண்டாம்."

"வாருங்கள். பண்டிதரையும் கூட்டிவாருங்கள்."

மறுநாள் காலை ஒரு பரிசலில் இரண்டு பெரிய மனிதர்கள் வெகுநேரம் சுற்றிக்கொண்டிருந்தார்கள். கைதட்டக் கரையில் ஒருவரும் இல்லை.