ஒன்பதாவது கணக்கு

"இந்த ஒன்பதாவது கணக்கைத் தூக்கிவிடலாமா?" என்று கேட்டான் அவ்னேர்.

அதினா லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தாள். மெஷினை நிறுத்தவில்லை.

ஹைஃபா நகரின் மலைச்சரிவில் இருந்தது அவளுடைய மூக்குக்கண்ணாடிக் கடை. பிழைப்பு அதில்தான். ஆனால் பதினோரு வருடமாக அவள் கட்டிக்காத்து வந்த புரோகிராம் ஒன்று உண்டு. யூதர்கள் தொழவேண்டிய நேரங்களை, சூரியன் நிற்கும் இடத்தை வைத்துக் கணித்துச் சொல்லும். விலை கிடையாது. உள்ளே எழுதியிருப்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தியும் தரலாம்.

அப்படித் திருத்தித் தர வந்தவன்தான் அவ்னேர். விமானப் படையில் திசை கணித்துச் சொல்லும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அவளைவிட நாலு வயது மூத்தவன். இருந்தாலும் கேட்பவர்களிடமெல்லாம் அவளைத்தான் தன் குரு என்று சொல்லுவான்.

"அது உங்களை என்ன செய்தது?" என்றாள் அதினா.

"ஓய்வுநாள் சனிக்கிழமை சாயங்காலம் எப்போது முடிகிறது என்பதற்கு, ஆளுக்கொரு வழக்கம் என்று நம்மிடம் பதினான்கு கணக்கு இருக்கிறது. மூன்று நட்சத்திரம் தெரிந்தால் முடிந்தது என்று ஒன்று. சூரியன் மறைந்து எழுபத்திரண்டு நிமிடம் என்று ஒன்று. இருக்கட்டும். இந்த ஒன்பதாவது, சூரியன் அடிவானத்துக்குக் கீழே இருபத்தாறு டிகிரி இறங்கணும் என்கிறது. லண்டனில் கோடைக்காலத்தில் சூரியன் அவ்வளவு கீழே போவதே இல்லை. பதினான்கையும் சேர்த்துக் கேட்டால் இது ஒன்றால் புரோகிராம் திணறி நின்றுவிடுகிறது. மாதம் நாலு புகார் வருகிறது."

"எத்தனை ஃபோனில் அதைத் தேர்ந்து வைத்திருக்கிறார்கள்?"

அவ்னேர் சிரித்தான். "ஒன்று. உலகம் முழுக்கத் தேடினாலும் ஒரே ஒன்று."

"யார் அது?"

"எப்படித் தெரியும்? நாம் பேர் வாங்குவதில்லையே. எண்ணிக்கை மட்டும்தான்."

அதினா லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"தூக்கிவிடுங்கள்," என்றாள்.

அவனுக்கே தூக்கிவாரிப் போட்டது. ஒரு மணி நேரம் வாதாடுவதற்குத் தயாராக வந்திருந்தான்.

"அந்த இடத்தில், கணக்கு நீக்கப்பட்டது என்று ஒரு வரி வரும் இல்லையா? அதற்குக் கீழே உங்கள் ஃபோன் நம்பரைப் போடுங்கள்."

"என் நம்பரா?"

"நீங்கள்தானே தூக்குகிறீர்கள்."

வியாழக்கிழமை புதிய பதிப்பு வெளியானது. முந்நூறு வரி குறைந்தது. அவ்னேருக்கு வீட்டைப் பெருக்கிச் சுத்தம் செய்த மாதிரி இருந்தது.

சனிக்கிழமை அவன் வழக்கப்படி ஐந்தேகாலுக்கே ஓய்வுநாள் முடிந்துவிட்டது. மெழுகுவர்த்தி ஏற்றி, திராட்சை ரசத்தின் மேல் ஆசி சொல்லி முடித்து, தேநீர் போட்டுக் குடித்தான்.

ஆறு முப்பத்து நாலுக்கு ஃபோன் அடித்தது.

"சார், இது நேரம் சொல்கிற கம்பெனியா?"

பெண்குரல். வெளிநாட்டுக்காரி பேசும் ஹீப்ரு.

"கம்பெனி எல்லாம் இல்லை. நீங்கள் யார்?"

"என் பேர் ஜெபமலர். இந்தியாவிலிருந்து வந்திருக்கிறேன், மார்த்தாண்டம் பக்கம். இங்கே ஒரு வயதானவரைப் பார்த்துக்கொள்கிறேன். ஓய்வுநாள் எப்போது சார் முடியும்?"

"அது முடிந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது அம்மா."

"ஊருக்கு முடிந்துவிட்டது. எங்கள் ஐயாவுக்கு முடியவில்லை."

அவ்னேர் கோப்பையை மேஜையில் வைத்தான்.

"அவருக்கு அவர் அப்பா வழக்கம்தான். ரொம்ப நேரம் கழித்துத்தான் முடியும். சூரியன் மறைந்த பிறகு, இது முடிகிறவரை ஒரு வாய் சாப்பிடமாட்டார். தண்ணீர்கூட வேண்டாம் என்பார். தொண்ணூற்றொரு வயது சார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை 'ஆயிற்றா?' என்று கேட்கிறார். ஃபோனைப் பார்த்தால் உங்கள் நம்பர்தான் நிற்கிறது."



"போன வாரம் என்ன நேரம் காட்டியது?"

"ஆறு நாற்பத்திரண்டு. ஆனால் வாரத்துக்கு வாரம் மாறுமே சார்."

"ஆயிற்று என்று சொல்லிவிடுங்கள் அம்மா. அவருக்கு எங்கே தெரியப்போகிறது? கடிகாரமா பார்க்கப்போகிறார்?"

"அவருக்கு ஒன்றுமே தெரியாது சார். மகளையே யார் என்று கேட்கிறார்."

"அப்புறம் என்ன?"

ஜெபமலர் குரலைத் தாழ்த்தினாள்.

"அவர் மனைவி செத்து ஆறு வருடம். தினமும் 'எங்கே அவள்?' என்று கேட்பார். கடைக்குப் போயிருக்கிறாள் என்று பிள்ளைகள் சொல்லுவார்கள். டாக்டர், ஊசி வலிக்காது என்பார். மறந்துபோகிற ஆளிடம் எல்லாரும் பொய்தான் சொல்லுகிறார்கள் சார். நானும் சொல்லியிருக்கிறேன். இந்த ஒன்றில் மட்டும் சொன்னதில்லை."

அவ்னேர் எழுந்து நின்றான். ஏன் எழுந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"இருங்கள். வைத்துவிடாதீர்கள்."

கம்ப்யூட்டரைத் திறந்தான். நீக்கியது எதுவும் அதில் ஒரேயடியாகப் போய்விடாது. பழைய பதிப்புகள் அடியில் கிடக்கும். தோண்டி எடுத்தான். தேதியை இரண்டு தடவை தப்பாக அடித்தான். ஆயிரம் அடி உயரத்தில் புயலுக்குள் வழி சொன்னபோதுகூட அவன் ஒரு எண்ணைத் தப்பாகச் சொன்னதில்லை.

"ஆறு நாற்பத்து மூன்று," என்றான். "இன்னும் நாலு நிமிடம்."

"நன்றி சார்."

இருவரும் ஃபோனை வைக்கவில்லை. எங்கோ ஒரு கிழவரின் குரல், "ஆயிற்றா?" என்றது. "இல்லை ஐயா, இன்னும் மூன்று நிமிடம்." மறுபடியும் அதே குரல், முன்பு கேட்டதே நினைவில்லாமல், "ஆயிற்றா?" என்றது. "இல்லை ஐயா, இரண்டு."

நாற்பத்து மூன்றாயிற்று.

"ஆயிற்று ஐயா."

கிழவர் ஓய்வுநாளை முடிக்கும் ஆசியைப் பாடத் தொடங்கினார். மகளை மறந்த மனிதர் ஒரு சொல்லைக்கூடத் தவறவிடவில்லை. முடித்தபோது ரொட்டி பிய்க்கும் சத்தம் அவ்னேருக்குத் தெளிவாகக் கேட்டது.

ஞாயிறு காலை, கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றான்.

"திரும்ப வைத்துவிட்டேன். லண்டன் புகாரையும் சரிசெய்தேன், நாலே வரிதான். அந்த மனிதர் யார் என்று உங்களுக்கு முன்பே தெரியுமா?"

"யார் அவர்?"

அவன் எல்லாவற்றையும் சொன்னான். அவள் மெஷினை ஓட்டியபடியே கேட்டாள்.

"தெரியாது," என்றாள் கடைசியில்.

"தெரியாமலா தூக்கச் சொன்னீர்கள்? அந்தப் பெண் கூப்பிடாமல் இருந்திருந்தால்?" குரல் உயர்ந்துவிட்டது. "அவர் எவ்வளவு நேரம் பட்டினியாக உட்கார்ந்திருப்பார்? நீங்கள் என்னைத் தடுத்திருக்கலாமே!"

"பதினான்கு கணக்கு என்றீர்கள். முதலில் பதினைந்து இருந்தது."

அவ்னேர் அவளைப் பார்த்தான்.

"ஒன்றை நான் தூக்கினேன். ஏழு ஃபோனில் இருந்தது. ஒரு மாதம் கழித்து மனசு கேட்காமல் திரும்ப வைத்தேன். ஒரு வருடம் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பூஜ்யம். அப்புறம் மறுபடியும் எடுத்துவிட்டேன்."

"அந்த ஏழு பேர்?"

அதினா மெஷினை நிறுத்தினாள்.

"நம்பர் போடவேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை."