கைகளைக் கூப்பிடும் மணி

வெகு காலத்துக்கு முன்னால், மேகங்கள் கூரையை உரசிக்கொண்டு போன நாளில், ஆற்றங்கரை நாடு ஒன்று இருந்தது. அதன் ராஜாவுக்கு ஒரு மந்திரவாதி வெண்கல மணி கொடுத்தான்.

“அடித்தால் ஊரார் கைகள் உங்கள் சொல் கேட்கும். மூன்றாம் முறை அடித்தால் என்றைக்கும் உங்களுடையவை. ஒரே ஒரு சொல் இதை உடைக்கும். பயப்படாதீர்கள், அந்தச் சொல்லை நீங்கள் யாரிடமும் சொன்னதே இல்லை.”

டங்! கைகள் வாய்க்கால் வெட்டின.

“உங்கள் நல்லதுக்குத்தான்,” என்றார் ராஜா. நல்லதாகத்தான் இருந்தது. தண்ணீர் வந்தது, ஊர் ஆடிப் பாடியது.

“எங்களைக் கேட்டீர்களா?” என்றாள் நீலாயி. ஆற்று மணலில் தர்பூசணி போடுகிறவள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

டங்! கைகள் கோட்டைச் சுவர் கட்டின. விடிந்ததும் கைகள் முன்னால் இழுக்க, கால்கள் பின்னால் ஓடின.

“உங்கள் நல்லதுக்குத்தான்.”

“எங்களைக் கேட்டீர்களா?”

“கல்லைத் தூக்கு!”

மணலில் நீலாயியின் பழங்கள் பழுத்துக் கிடந்தன; பறிக்க வேண்டிய கைகளோ சுவரில். மேற்கு மலையில் மழை கறுத்தது. வெள்ளம் வந்தால் ஒரு பழமும் மிஞ்சாது. ராஜாவோ, நாளைக்குத் தன் சிலைக்காக மூன்றாம் முறை அடிப்பதாக அறிவித்துவிட்டார்.

“அழாதே அக்கா,” என்றது செங்கல் சுமந்த அவள் கழுதை.

“நீ பேசுவியா?”

“இத்தனை நாளா யாரும் என்னைக் கேக்கலையே! அந்த மணி கையைத்தான் பிடிக்கும். எனக்குத்தான் கையே இல்லையே!”

உச்சிவேளையில் ராஜா கண்ணயர்ந்தார். கழுதை அரண்மனைக்குள் போய் மணியைக் கவ்விக்கொண்டு பாய்ந்தது. பிடிக்க யார் இருக்கிறார்கள்? காவலர் கைகளும் சுவரில்தான்! ராஜாவே மூச்சிரைக்க ஓடிவந்தார்.

மணி நீலாயியிடம் வந்ததும் எல்லாக் கைகளும் நின்று, அவள் பக்கம் திரும்பின.

“மணியை அடி, நீலாயி! ராஜாவைக் கல் சுமக்க வை!” என்று கத்தினார்கள் ஊரார்.

“அடி! உன் பழம் பொழுதுக்குள்ளே கரையேறிடும்!”

மலையில் இடி உருண்டது. அவள் விரல் மணியின் நாக்கைத் தொட்டது. தொட்டு, விலகியது. பக்கத்துக் குடிசைச் சடையனிடம் திரும்பினாள்.

“பழம் பறிக்க வர்றியா அண்ணே? பத்துக்கு ஒண்ணு உனக்கு.”

“மாட்டேன். என் கூரை ஒழுகுது.”

நீலாயி கறுத்த மலையைப் பார்த்தாள்.

“சரி,” என்றாள்.

படார்! மணி இரண்டாகப் பிளந்தது. கைகள் அவரவரிடம் திரும்பின. சடையன் கூரையைப் பார்க்க ஓடினான். “பத்துக்கு ஒண்ணா? நான் வர்றேன்!” என்று பலர் மணலுக்கு ஓடினார்கள்.

ராஜா மட்டும் நின்றார். “நானும் வரட்டுமா?”

“வாங்க. பத்துக்கு ஒண்ணு.”

“தாகமா இருக்கு. ஒண்ணு இப்பவே கொடேன்.”

“முடியாது.”

ராஜா பழத்துக்குக் கை நீட்டினார். மடக்கிக்கொண்டார். “சரி,” என்றார், மறுத்தவரிடம் முதல் முறையாக. கழுதை விழுந்து விழுந்து சிரித்தது.

கடைசிப் பழம் கரையேறியதும் வெள்ளம் வந்தது.

பிறகு வாய்க்கால் உடைந்தபோதெல்லாம் ராஜா வீடு வீடாகப் போய்க் கேட்டார். வர விரும்பியவர்கள் வந்தார்கள். மணித் துண்டு இன்னும் அந்த மணலில் கிடக்கிறதாம். எடுக்கப் போகிறவர்கள் முதலில் கழுதையைக் கேளுங்கள்.