மணியக்காரர் கிடாவின் தாடி

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் மணியக்காரர் கோட்டைச்சாமிக்குத் தாடி நெஞ்சுவரைக்கும் தொங்கும். தாடி இல்லாதவர்கள் பஞ்சாயத்தில் பேசக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். அதனால் பெண்கள் யாரும் அங்கே வாய் திறக்க முடியாது.

ஒருநாள் அவருடைய வெள்ளாட்டுக் கிடா காணாமல் போய்விட்டது. தேடிப்போன ஆட்கள், கூலிக்காரி வீராயியின் ஆட்டை இழுத்துவந்து, பஞ்சாயத்து கூடியிருந்த அவர் வீட்டு வாசலில் கட்டினார்கள். அதன் பாலைக் குடித்துத்தான் அவள் பிள்ளை வளர்கிறது.

மணியக்காரர் ஆட்டின் முகத்தை மட்டும் பார்த்தார். "தாடியைப் பாருங்கடா! என் கிடாவேதான்!"

ஊரே ஆட்டின் மடியைப் பார்த்தது. ஆனால் ஒருத்தரும் மூச்சு விடவில்லை.

"சாமி..." என்றாள் வீராயி.

"முதல்ல தாடி முளைக்கட்டும், அப்புறம் பேசு புள்ள!"

வீராயி ஒரு சொம்பை எடுத்துவந்து ஆட்டுக்குப் பக்கத்தில் குந்தினாள். சர்சர்ரென்று நுரை பொங்கக் கறந்து அவர் முன்னால் வைத்தாள்.

"என்னடி இது?"

"நீங்க கேட்டதால சொல்றேன் சாமி. உங்க கிடாவோட பாலுங்க. தாடி நனையாமக் குடிச்சிட்டுத் தீர்ப்பைச் சொல்லுங்க."

கூட்டம் சிரித்த சிரிப்பில் மணியக்காரர் எழுந்து உள்ளே போய்விட்டார். வீராயி ஆட்டை அவிழ்த்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். பால் சொம்பையும் விட்டுவைக்கவில்லை.