ஏழு காட்டுக் கோப்பைக்குப் போன உடும்பு

நாவல்குளத்துக் கரையில் ஒரு கால்பந்து அணி இருந்தது. அதன் தலைவர் ஒரு மயில். மயில் பந்தை ஒருநாளும் காலால் தொட்டதில்லை. தொட்டால் தோகை அழுக்காகிவிடும். ஆனால் பந்தாட்டத்தைப் பற்றி அதைப்போல் மணிக்கணக்கில் பேச அந்தக் காட்டில் வேறு ஆள் கிடையாது.

அணியின் கோல்கீப்பர் ஓர் உடும்பு. பந்து அதன் பிடிக்குள் விழுந்தால் விழுந்ததுதான். நடுவர் கொக்கு பக்கத்தில் வந்து, போதுமப்பா, விடு என்று கெஞ்சினால்தான் விடும். கோல்கம்பத்துக்குப் பின்னால் இருந்த பழைய புற்றுதான் அதன் வீடு. அந்தப் புற்றையும் அதற்கு முன்னால் விரிந்த புல்தரையையும் விட்டால் உடும்புக்கு உலகத்தில் வேறு எதுவும் சொந்தமில்லை.

போன ஆண்டு நாவல்குளம் உள்ளூர்க் கோப்பையை வென்றது. எப்படி வென்றது என்று மட்டும் கேட்காதீர்கள். இறுதி ஆட்டத்தில் எதிரணி யானைக்குட்டி ஆர்வக்கோளாறில் பந்தின் மேலேயே ஏறி நின்றுவிட்டது. காட்டில் வேறு பந்து இல்லை. அதுவரை ஒரு கோல் முன்னால் இருந்த நாவல்குளத்துக்குக் கோப்பையைக் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

உள்ளூர்க் கோப்பையை வென்றவர்கள் ஆற்றைத் தாண்டி ஏழு காட்டுக் கோப்பைக்குப் போகலாம். மயிலுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சூட்டோடு பொதுக்கூட்டத்தில் ஒரு புதுச் சட்டத்தையும் முன்மொழிந்தது. உள்ளூர்ப் போட்டியில் கடைசியாக வரும் அணி தன் மைதானத்தை, மைதானமே இல்லாத அணிக்குக் கொடுத்துவிட வேண்டும். அப்படி இருந்தது பன்றிகள் மட்டும்தான். எங்கே விளையாடினாலும் இடைவேளையில் கோரைக்கிழங்கு தோண்டித் தின்னும் கூட்டத்துக்கு யார் இடம் கொடுப்பார்கள்? சட்டம் எல்லாருக்கும் ஒரு பயமாக இருக்கட்டும் என்றது மயில். அந்த எல்லாரிலும் தானும் அடக்கம் என்று எந்தத் தலைவருக்குத்தான் தோன்றும்?

சட்டம் நிறைவேறியது. இந்த ஆண்டு ஆட்டங்கள் தொடங்கின. மயில் வீரர்களைக் கூட்டி வைத்துப் பேசியது.

"இனிமே நாம சாதாரண அணி இல்ல. அணிலோடயும் தவளையோடயும் ஓடிக் காலை உடைச்சுக்கிட்டா, ஆத்துக்கு அந்தப் பக்கம் போய் யாரு ஆடுறது? உள்ளூர் ஆட்டத்துக்கு யாரையாவது அனுப்பினாப் போதும்."

அந்த யாராவது வரிசையில் கோல்கீப்பர் வேலைக்குக் கிடைத்தது ஆமை. நல்ல மனசுக்காரன்தான். ஆனால் பந்து எதிரே வந்தாலே தலையையும் நாலு காலையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஓட்டில் பட்டுத் திரும்பிய பந்துகள் கோல் ஆகவில்லை. மற்றவை எல்லாம் ஆயின. அணில்களிடம் தோற்றார்கள். தவளைகளிடம் தோற்றார்கள். ஒருவழியாகக் கீரிகளிடம் சமன் செய்தார்கள். அன்று கீரிகள் பாதிப் பேர் ஒரு பாம்பைப் பார்த்ததும் ஆட்டத்தை விட்டுவிட்டுப் போயிருந்தன.

இதையெல்லாம் உடும்பு புற்றின் வாசலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குக் கால் ஓய்வாம். ஒவ்வொரு கோலுக்கும் பாதி எழுந்து, மறுபடி படுத்தது. ஆனாலும் அதன் மனசுக்குள் ஓர் ஆசை உட்கார்ந்திருந்தது. ஆற்றுக்கு அக்கரையில் ஆட்டம் தொடங்கும் முன் ஒரு மைனா மரக்கிளையில் நின்று ஒவ்வொரு வீரரின் பெயரையும் ஏழு காடும் கேட்கச் சொல்லுமாம். தன் பெயரை ஒருமுறை அப்படிக் கேட்டுவிட வேண்டும் என்று உடும்பு இரவு பகலாக ஏங்கியது.

அக்கரையில் முதல் ஆட்டம் நீர்நாய்களோடு. உடும்பு பிடித்த பிடியில் நீர்நாய்களால் ஒரு கோல்கூடப் போட முடியவில்லை. கடைசி நேரத்தில் முயல் ஒரு கோல் போட்டது. ஆட்டம் முடிந்ததும் காக்கைகள் பேட்டிக்கு வந்தன. வெற்றிக்குக் காரணம் தன் தோகையைக் கண்டு எதிரணி கண்கூசிப் போனதுதான் என்று மயில் அடக்கத்தோடு சொன்னது. அன்று மைனாவுக்குத் தொண்டை கட்டியிருந்ததால் யார் பெயரையும் சொல்லவில்லை. அடுத்த ஆட்டத்தில் கட்டாயம் சொல்லும் என்று உடும்பு தன்னைத் தேற்றிக்கொண்டது.

அடுத்த ஆட்டம் வந்தது. அதே நாளில் உள்ளூரில் பன்றிகளோடு கடைசி ஆட்டமும் வந்தது. அதில் தோற்றால் நாவல்குளம்தான் கடைசி. சமன் செய்தால் போதும், மைதானம் தப்பிக்கும்.

ஆமை உடும்பைத் தேடி வந்தது. "அண்ணே, என்னப் பத்தி எனக்கே தெரியும். பந்தப் பாத்தா தலை தானா உள்ள போயிடுது. நீங்க இன்னிக்கு ஒரு நாள் இங்க நில்லுங்கண்ணே. இது உங்க வீடும்தானே?"

உடும்பு மயிலைப் பார்த்தது. பன்றியெல்லாம் ஒரு எதிரணியா, கிழங்கைக் காட்டினால் ஆட்டத்தையே மறந்துவிடும் கூட்டம் என்று மயில் சிரித்தது. உடும்பு ஆமையைப் பார்த்தது. பிறகு அக்கரையைப் பார்த்தது.

"நாலு பந்து வரும், சமாளிச்சுக்கடா" என்று சொல்லிவிட்டு எருமையின் முதுகில் ஏறி ஆற்றைக் கடந்தது.

அக்கரையில் மைதானம் நிறையக் கூட்டம். மைனா கிளையில் ஏறித் தொண்டையைச் செருமியது. உடும்பு நெஞ்சை நிமிர்த்தி நின்றது. முயலின் பெயர் வந்தது, மானின் பெயர் வந்தது. கடைசியில் மைனா, "கோல்கீப்பர், நாவல்குளத்து ஓணான்" என்று அறிவித்தது. ஏழு காடும் கைதட்டியது.

உடும்பு வாயைத் திறந்தது. அதற்குள் நடுவர் ஊதிவிட்டார். எதிரணி சிறுத்தைக்குட்டிகள். முதல் பந்து எந்தப் பக்கமாகப் போனது என்றே உடும்புக்குத் தெரியவில்லை. அடுத்து வந்ததும் அப்படித்தான். அன்று அதன் பிடிக்குள் வந்தது காற்று மட்டும்தான். இடைவேளையிலேயே மயில் தோகையைச் சுருட்டிக்கொண்டு, நடுவர் சரியில்லை என்று காக்கைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தது.

மாலையில் இக்கரை வந்தார்கள். புல்தரையைக் காணோம். அந்த இடத்தில் உழுதுபோட்ட வயல் மாதிரி ஒன்று கிடந்தது. கோல்கம்பம் சாய்ந்திருந்தது. புற்று இருந்த இடத்தில் ஒரு பள்ளமும், பள்ளத்துக்குள் ஒரு பன்றிக்குட்டியும் இருந்தன. ஓரத்தில் ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டு கிடந்தது. கூப்பிட்டும் வெளியே வரவில்லை.

பன்றிகளின் தலைவன் மூக்கில் மண்ணோடு மரியாதையாக எழுந்து வந்தது.

"மன்னிக்கணும் உடும்பண்ணே. ஒத்தக் கோல்லதான் ஜெயிச்சோம். நீங்க நிப்பீங்கன்னு பயந்துக்கிட்டேதான் வந்தோம். உங்களக் காணோம்னதும் எங்களால நம்பவே முடியல."

உடும்பு பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்தது. அழுகை வந்தது, அழுதது. அக்கரையில் இந்நேரம் அந்த ஓணானையும் மறந்திருப்பார்கள் என்று நினைக்க நினைக்க இன்னும் அழுதது.

மயில் மட்டும் கலங்கவில்லை. மண்ணில் படாமல் தோகையைத் தூக்கிப் பிடித்தபடி, நடந்ததெல்லாம் நன்மைக்கே, உள்ளூர்த் தொல்லை ஒழிந்தது, அடுத்த ஆண்டு முழுக் கவனத்தையும் ஏழு காட்டுக் கோப்பையில் வைக்கலாம் என்றது. உள்ளூரில் ஜெயித்தால்தானே அங்கே போக முடியும், மைதானமே இல்லாமல் எங்கே ஆடி ஜெயிப்பது என்று முயல் கேட்டது. அதற்கு ஒரு குழு அமைக்கலாம் என்றது மயில்.

கூரையேறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானமேறி வைகுண்டம் போவானாம் என்பார்கள். அக்கரையில் கிடைக்கும் கைதட்டலுக்காக இக்கரையில் இருக்கும் வீட்டைக் காக்க மறந்தவனுக்கு, போன இடத்தில் பெயரும் இல்லை, திரும்பி வந்தால் நிற்க இடமும் இல்லை.