முப்பது நாள் பெட்டி

“விடிஞ்சா எழுபது மெயில் வருதும்மா! முட்டிவலித் தைலம், தவணையில கார், வழுக்கையில முடி முளைக்க மருந்து. எனக்கு எதுக்கு இந்தக் கண்றாவியெல்லாம்?”

மடத்துச் சமையல்கட்டு வாசலில் நின்றபடியே சபாநாயகம் பொரிந்து தள்ளினார். ஓய்வுபெற்ற தாசில்தார், அறுபத்தாறு வயது. அவருடைய குரு நல்லம்மைக்கு முப்பத்தெட்டுதான். அந்த அம்மாள் தரையில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

“அதுக்கா இவ்வளவு கோபம்?”

“இந்தக் குப்பைக்குள்ள என் மக எழுதினது எங்கயோ அமுங்கிக் கிடக்கு. நாலு வருஷமா ஒரு வரி கண்ணுல படலை. தினமும் தேடறேன். எல்லாம் இந்தப் பாழாப்போறவனுங்களால!”

வான்மதி ஒரே மகள். தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு போனவள். மனுஷன் அவளை நினைத்து ஏங்காத நாள் கிடையாது. ஆனால் தானாக முதலில் ஒரு வார்த்தை எழுதுவாரா? கௌரவம் விட்டால்தானே!

“இது குப்பைன்னு மெஷினுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார் நல்லம்மை.

“நாமதான் காட்டிக் கொடுக்கணும். ஒரு தடவை ‘ஸ்பேம்’னு அமுக்கிட்டா போதும். அப்புறம் அந்த ஆள் எது அனுப்பினாலும் தனிப்பெட்டிக்குப் போயிடும். முப்பது நாள் ஆனா அதுவே அழிச்சிடும்.”

“விளம்பரக்காரங்களைத்தான் அப்படி அமுக்கினீங்களா?”

“பின்னே?” என்றவர் வாய் அப்படியே நின்றுபோனது.

நல்லம்மை தலை நிமிரவில்லை.

“என் மக கல்யாணப் பத்திரிகையை மெயில்ல அனுப்பியிருந்தாளே,” என்றார் சபாநாயகம் மெதுவாக. “அன்னிக்கு இருந்த ஆத்திரத்துல…”

“அந்தப் பெட்டியைத் திறங்க.”

போனில் திறந்தார். நாலு வருஷத்தில் ஒருநாள்கூட அதை எட்டிப் பார்த்தவரில்லை. தைலத்துக்கும் காருக்கும் நடுவில் வான்மதி பேரில் ஒரே ஒரு மெயில். இருபத்தெட்டு நாளைக்கு முந்தினது.

‘அப்பா, மாசம் தவறாம எழுதிட்டு வந்தேன். குழந்தை படம்கூட அனுப்பினேன். உங்க மனசு இரங்கலை. இனிமே தொந்தரவு பண்ண மாட்டேன். இதுதான் கடைசி.’

“பழசெல்லாம்? அந்தக் குழந்தை படம்? அது எங்கம்மா?”

“நீங்கதானே சொன்னீங்க, முப்பது நாள்னு.”

அத்தனை பெரிய மனுஷன் வெறுந்தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். நல்லம்மை அடுத்த புளியை எடுத்தார். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி போனை எடுத்தார்.

“இப்பவே பதில் போட்டா அவ பார்ப்பாளாம்மா?”

நல்லம்மை புளித் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தார்.

“அவ உங்களை எந்தப் பெட்டியில போட்டிருக்காளோ, எனக்கெப்படித் தெரியும்?”