லிவர் துப்பாக்கியும் பக்கத்துல மாட்டின கண்ணாடியும்

நேர்வழிப்பாளையம்னு ஒரு ஊரு. ஊருக்குப் போற பாதையில ஏழு வளைவு உண்டு. ஊர்க்காரங்க புத்தியில ஒரு வளைவும் கிடையாது. சொன்னா சொன்னபடிதான். ஒரு நா பஸ்சுல கண்டக்டரு "உள்ள போங்க, உள்ள போங்க"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. இந்த ஊர்க்காரரு ஒருத்தரு போய்க்கிட்டே இருந்து, கடைசியில டிரைவரு மடியில உக்காந்தாரு. ஏய்யான்னு கேட்டதுக்கு, "அவரு இன்னும் நிறுத்தச் சொல்லலீங்களே"ன்னாரு.

அந்த ஒருத்தரு பேரு ராக்கியண்ணன். கதை அவரோடதுதான்.

ராக்கியண்ணனுக்கு ஒன்றரை ஏக்கரு மரவள்ளிக் கெழங்கு. அதுல தெனமும் விடியக்காலம் ஒரு காட்டுப்பன்னி வரும். ஒரு வரிசையத் தோண்டித் தின்னுட்டு, வரப்புல முதுகச் சொறிஞ்சுகிட்டு, வந்த வழியே போவும். சம்சாரம் பாவாயி ஒரு நா காவலுக்கு வந்தவ, "கண்ணச் சொருகுது, பன்னி வந்தா எழுப்புங்க"ன்னு சொல்லிட்டுக் காவல் குடிசையில படுத்தா. பன்னி வந்துச்சு. ராக்கியண்ணன் கிட்டப் போய் எழுப்பிப் பாத்தாரு. அது முழிச்சுகிட்டுதான் இருந்துச்சு. சரின்னு திரும்பி வந்துட்டாரு.

காலையில பாவாயி எந்திரிச்சுப் பாத்தா, ரெண்டு வரிசையக் காணோம். துணிமணிய ஒரு பையில போட்டா.

"வெளியூர்ல இருக்கற எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன். பன்னி ஊர விட்டுப் போன அன்னிக்குத் தாக்கல் சொல்லி அனுப்புங்க, வர்றேன். அதுக்கு மின்னால நான் வந்தேன்னா என்னைய ஏன்னு கேளுங்க."

போயிட்டா. ராக்கியண்ணனுக்குச் சோறாக்கத் தெரியாது. சுட்ட கெழங்கும் பச்சத்தண்ணியுமா ஓட்டினாரு. ஆனா தெனமும் ரெண்டு வட்டிலக் கழுவி வச்சாரு. ஒண்ணுலதான் சாப்பிட்டாரு. இன்னொண்ணையும் கழுவித்தான் கமுத்துனாரு.

நாலு நா பாத்துட்டு, ஊருக்கே மூத்தவரான கொழந்தசாமிகிட்டப் போனாரு. ஊருல இருக்கற ஒரே துப்பாக்கி கொழந்தசாமியோடது. அவரு தாத்தனுக்கு எஸ்டேட்டு தொரை குடுத்தது. கொழந்தசாமி வனத்துறை ஆபீசுக்கு எழுதிப் போட்டாரு. காகிதம் வந்துச்சு: ஊரு எல்லைக்குள்ள, பத்து நாளைக்குள்ள, ஒரே ஒரு பன்னியச் சுட்டுக்கலாம். கொண்டாந்த வனக்காவலரு துப்பாக்கிய வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

"இது லிவர் துப்பாக்கிங்க. இந்த லிவர இழுத்து விட்டாத்தான் தோட்டா உள்ள போவும். லிவரு இறுகிக் கெடக்கே. எண்ணெ விடுங்க. மேல இருந்த குறியும் விழுந்து போச்சு. குறி பாக்காமச் சுட்றாதீங்க, ஆள் மேல பட்டுரும்."

சொல்லிட்டு அவரு சைக்கிள்ல ஏறிப் போயிட்டாரு. இவங்க மூணு பேரும் உக்காந்து யோசிச்சாங்க. மூணாவது ஆளு அங்கமுத்து. மச்சானுக்கு மேலுக்குச் சொகமில்லாதப்ப மூணு நா ஆஸ்பத்திரியில தொணைக்கு இருந்தவரு. ஊருல டாக்டருக்கு அடுத்தபடி அவருதான். டாக்டரு யாரும் இல்ல.

"லிவருன்னா ஈரலுங்க பெரீப்பா," அங்கமுத்து சொன்னாரு.

கொழந்தசாமி துப்பாக்கிய வெயில்ல பிடிச்சுப் பாத்தாரு. கட்டை முடியற எடத்துல இருந்து குழா ஆரம்பிக்கற எடம் வரைக்கும் பித்தளை. மஞ்சமஞ்சேர்னு இருந்துச்சு.

"காமாலை," அங்கமுத்து சொன்னாரு. "எத்தினி நாளா இந்த நெறம்?"

"எங்க தாத்தன் காலத்துல இருந்தே மஞ்சதான்."

"முத்திருச்சுங்க."

துப்பாக்கி போச்சுன்னா பன்னி போவாது. பன்னி போவலைன்னா பாவாயி வரமாட்டா. ராக்கியண்ணன் ஓடிப் போய்க் கீழாநெல்லி பறிச்சாந்தாரு. அரைச்சு மோருல கலக்கி, வெறும் வயித்துல, மூணு நா காலையில குழா வழியா ஊத்துனாங்க. பத்தியம் முக்கியமில்லியா, உப்பு மூட்டை இருந்த ரூமுல இருந்து துப்பாக்கிய வேற ரூமுக்கு மாத்துனாங்க. அங்கமுத்து பக்கத்துலயே படுத்துக்கிட்டாரு. நாலாம் நா விளக்கெண்ணெ ஒரு ஒழக்கு குடுத்து, வயித்தத் தடவி, லிவர மெல்லமா ஒரு இழு இழுத்தாரு.

சடக்குன்னு தொறந்துச்சு. பச்சையா கொஞ்சம் சாறும், அதோட எந்தக் காலத்துலயோ வெடிச்ச தோட்டா ஓடு ஒண்ணும் வந்து விழுந்துச்சு.

"கழிஞ்சிருச்சு," அங்கமுத்து மூஞ்சியத் தொடச்சுகிட்டாரு. "இனி பயமில்ல. ரசஞ்சோறு குடுக்கலாம்."

அடுத்தது குறி. பக்கத்து ஊர்ல செல்லாண்டியம்மான்னு குறி சொல்றவங்க இருக்காங்க. வெத்தல பாக்கோட மூணு பேரும் போய் நின்னாங்க.

"யாருக்குக் குறி பாக்கணும்?"

"துப்பாக்கிக்குங்க."

செல்லாண்டியம்மா இந்த ஊர்க்காரங்கள முன்னாடியே பாத்தவங்க. அதனால அசரல. "நச்சத்திரம்?"

"தெரியாதுங்க. லைசென்சு தேதி இருக்குது."

அவங்க கண்ண மூடிக்கிட்டாங்க. "தூரத்துல இருக்கறது கிட்ட வரும். கிட்ட இருக்கறது தூரமாப் போவும். மத்த விவரமெல்லாம் டவுன்ல துப்பாக்கிக் கடையில கேளுங்க."

தூரத்துல இருக்கறது பாவாயி. கிட்ட இருக்கறது பன்னி. ராக்கியண்ணனுக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு.

மறுநா டவுனுக்கு பஸ் ஏறுனாங்க. காகிதத்துல மிச்சம் நாலு நா. கடைக்காரரு தங்கமான மனுசன். கேட்டாரு, "துப்பாக்கியக் கொண்டாந்திருக்கீங்களா? நானே மாட்டித் தர்றேன்."

"இப்பத்தான் ஒடம்பு தேறியிருக்குதுங்க," கொழந்தசாமி சொன்னாரு. "பஸ்சுல அலைக்க வேணாம்னு ஊட்லயே விட்டுட்டு வந்தோம்."

கடைக்காரரு அதுக்கு மேல கேக்காம மூணு சாமானை எடுத்து மேசையில வச்சாரு. மொதல்ல சின்ன இரும்புத் துண்டு ரெண்டு. "இது பழைய மாதிரிக் குறி. ஒண்ணுல பள்ளம், ஒண்ணுல முனை. ஒரு கண்ண மூடிகிட்டு, பள்ளத்துக்குள்ள முனைய வச்சுப் பாக்கணும்."

மூணு பேரும் ஓரமாப் போய்க் கூடிப் பேசுனாங்க. கொழந்தசாமி வந்து முடிவச் சொன்னாரு. "இது சரிப்படாதுங்க. ஒரு கண்ண மூடினா பாதிப் பன்னிதான் தெரியும். பாதியச் சுட்டுட்டா மீதிப் பாதி சும்மா விடுமா?"

ரெண்டாவது ஒரு வட்டம், நடுவுல ஓட்டை. "இந்த ஓட்டை வழியாப் பன்னியப் பாத்துச் சுடணும்."

அங்கமுத்து சுண்டு விரல விட்டுப் பாத்தாரு. "பன்னி வளந்த பன்னிங்க. இதுல நொழையாது. குட்டி போட்டுச்சுன்னா வர்றோம், எடுத்து வைங்க."

மூணாவது கருப்பா, ஒரு சாண் நீளத்துல தூரக்கண்ணாடி. "இது தூரத்துல இருக்கறதக் கிட்டக் கொண்டாந்து காட்டும்," கடைக்காரரு சொன்னாரு.

மூணு பேரும் ஒருத்தர ஒருத்தரு பாத்துகிட்டாங்க. "செல்லாண்டியம்மா உங்களுக்கு ஒறவுங்களா?" ராக்கியண்ணன் கேட்டாரு.

கடைக்காரரு பொட்டலம் கட்டிக்கிட்டே சொன்னாரு. "நல்லாக் கேட்டுக்கங்க. உங்க மாதிரித் துப்பாக்கியில வெடிச்ச ஓடு மேலாக்க எகிறும். மேல மாட்டுனா கண்ணாடியில இடிக்கும். அதனால பக்கத்துல மாட்டிக்கங்க. மறந்துறாதீங்க, பக்கத்துல. மாட்டுனதும் நூறு கெஜத்துல சுட்டுப் பாத்து, குண்டும் குறியும் ஒண்ணாச் சேர ஒரு சைபர் வச்சுக்கங்க."

பஸ்சு முழுக்க "பக்கத்துல, சைபரு, பக்கத்துல, சைபரு"ன்னு மாத்தி மாத்திச் சொல்லிகிட்டே வந்தாங்க. எறங்குனதும் கொழந்தசாமி, காவல் குடிசையில இருந்து நூறு கெஜத்த அளந்து, கெழங்குக் காட்டுக்குள்ள சுண்ணாம்புல வண்டிச் சக்கரம் பெருசுக்கு ஒரு சைபர் போட்டாரு. நல்லா உருண்டையா வந்துச்சு.

"பக்கத்துலன்னா எதுக்குப் பக்கத்துல பெரீப்பா?" அங்கமுத்து கேட்டாரு.

"துப்பாக்கிக்குப் பக்கத்துலதான். துப்பாக்கி எங்கையில இருக்கும். எனக்குப் பக்கத்துல யாரு நிப்பா?"

"நானுங்க," ராக்கியண்ணன் சொன்னாரு. பன்னி அவருதாச்சே.

சணல் கயித்துல கட்டி, கண்ணாடிய ராக்கியண்ணன் கழுத்துல மாட்டுனாங்க. கொழந்தசாமி தள்ளி நின்னு பாத்தாரு. "அந்தாளு சொன்னது சரிதான். இதுல ஓடு இடிக்கவே இடிக்காது."

மறுநா விடியக்காலம் மூணு பேரும் குடிசைகிட்ட நின்னாங்க. வெளுத்து வர்ற நேரத்துல பன்னி வந்துச்சு. சுண்ணாம்ப மோந்து பாத்துச்சு. சைபருக்கு நட்டநடுவுல நின்னு, ஒரு கெழங்கத் தோண்டித் திங்க ஆரம்பிச்சுது. கொழந்தசாமி லிவர இழுத்துவிட்டு, துப்பாக்கியத் தோள்ல வச்சு, ரெண்டு கண்ணையும் மூடிகிட்டாரு. ஒண்ண மூடினா பாதி தெரியும், அந்தப் பாதிக்கும் பயம்.

"கண்ணாடியில பாத்துச் சொல்லு மாப்ள. எங்க இருக்குது?"

ராக்கியண்ணன் கண்ணாடியக் கண்ணுல வச்சாரு. மூக்குக்கு மின்னால ஒரு பன்னி மூஞ்சி. மயிரெல்லாம் தனித்தனியாத் தெரிஞ்சுது. ஓரப் பல்லுல கெழங்குத் தோலு ஒட்டியிருந்துச்சு.

"மாமா," அவரு அசையாமச் சொன்னாரு. "பன்னி எம் மூஞ்சியில இருக்குது."

"அப்பச் சுட முடியாதே."

"வேணாங்க."

அங்கமுத்து அதுக்குள்ள குடிசைக் கூரை மேல இருந்தாரு. "கிட்ட வந்துருச்சு பாரு, கடைக்காரரு சொன்னபடி," மேல இருந்து சொன்னாரு. "இந்த முனை வழியாக் கிட்ட வந்தா, அந்த முனை வழியாத் திருப்பி அனுப்பிறலாம். கண்ணாடியத் திருப்பு மாப்ள, மெதுவா."

ராக்கியண்ணன் கண்ணாடியத் திருப்பி வச்சாரு. பன்னி போயிருச்சு. எங்கயோ ரொம்பத் தூரத்துல, ஒரு கட்டெறும்பு மாதிரி என்னமோ அசைஞ்சுது.

"போயிருச்சுங்க," அவரு மூச்சு விட்டாரு. "காவேரியத் தாண்டியிருக்கும்."

கொழந்தசாமி துப்பாக்கிய எறக்குனாரு. "அப்ப நாம சுடப்படாது. காகிதத்துல ஊரு எல்லைக்குள்ளன்னு போட்டிருக்குது. காவேரிக்கு அந்தப்பக்கம் வேற ஜில்லா."

காட்டுக்குள்ள கருக்கு முருக்குன்னு சத்தம் கேட்டுச்சு. மூணு பேரும் காதத் தீட்டுனாங்க.

"அது என்னங்க சத்தம்?" ராக்கியண்ணன் கேட்டாரு.

கொழந்தசாமி வெவரஞ் சொன்னாரு. "பன்னி இங்க இருந்தப்பத் தின்ன சத்தம் மாப்ள. அம்புட்டுத் தூரம் போயிருச்சில்ல, அங்க இருந்து இப்பத்தான் திரும்பி வருது. பழைய சத்தம்."

அன்னிக்கே பஸ்சுல தாக்கல் போச்சு: பன்னி ஊர விட்டுப் போயிருச்சு, கெளம்பி வா. ராக்கியண்ணன் வாசலுக்குச் சாணி தெளிச்சாரு. ரெண்டு வட்டிலையும் கழுவி வச்சாரு. கண்ணாடியக் கழுத்துல இருந்து கழட்டவே இல்ல, பன்னி திரும்பிக் கிட்ட வந்துரும்னு பயம். வாசப்படியில உக்காந்து, திருப்பிப் பிடிச்சபடியே பாதையப் பாத்துகிட்டு இருந்தாரு. கொழந்தசாமி திண்ணையில இருந்தாரு.

மூணு மணி பஸ்சுல பாவாயி வந்தா. வாசல்ல வந்து நின்னா.

"நவுருங்க, உள்ள போவணும்."

ராக்கியண்ணன் கண்ணாடியில பாத்தாரு. மொகமெல்லாம் மலந்து போச்சு. "வர்றா. பையோட வர்றா. எட்டு மைலு இருக்கும், பொழுதோட வந்துருவா."

"இங்கதான நிக்கறேன்?"

"கொரலு மட்டும் வந்துருச்சு," அவரு கொழந்தசாமிகிட்டச் சொன்னாரு. "எப்பவுமே அவ கொரலு முந்தித்தாங்க வரும்."

பாவாயி, கயிறு அவரு கழுத்துல கெடக்க, கண்ணாடியத் தன் பக்கம் இழுத்து, தானும் பாத்தா. அவரு பிடிச்சதுக்கு மறு முனையில, நேராப் பிடிச்சா. "ஏனுங்க, எனக்கு நீங்க கிட்டத்தான இருக்கீங்க? மூக்கு மசுரு தெரியுது."

இது சிக்கலாப் போச்சு. கொழந்தசாமிதான் தீத்து வச்சாரு. "ரெண்டு பேருமே நெசந்தான் சொல்றீங்க. உனக்கு அவன் கிட்ட, அதனால நீ உள்ள போய் ஒலைய வையி. அவனுக்கு நீ தூரம், அதனால அவன் உக்காந்து உனக்காகக் காத்திருக்கட்டும்."

நாயமான பேச்சு. பாவாயி உள்ள போனா. கெழங்கு உரிச்சு, வேக வச்சுத் தாளிச்சு, ரெண்டு வட்டில்லயும் போட்டு வச்சுட்டு வாசலுக்கு வந்தா. "சாப்பிட வாங்க."

ராக்கியண்ணனுக்குப் பல நாப் பசி. வாசனை கொடலப் பிடுங்குச்சு. ஆனாலும் பாதைய விட்டுக் கண்ண எடுக்கல. "அவ வரட்டும். இத்தினி நா அவ இல்லாமத் தின்னதே தொண்டையில எறங்கல. வந்ததும் சேந்து சாப்பிடறோம்."

பாவாயிக்கு என்னமோ பண்ணிருச்சு. கண்ணத் தொடச்சுகிட்டா. அவளும் நேர்வழிப்பாளையத்துல பொறந்தவதானே. அவரு பக்கத்துல படியில உக்காந்து, அவளும் பாதையப் பாத்தா.

"பாவம், எட்டு மைலு நடந்து வரணுமே," அப்படின்னா.

பொழுது சாஞ்சுது. அடுப்படியில வட்டில் உருள்ற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் கருக்கு முருக்குன்னு ஒரு சத்தம்.

"என்னங்க அது?" பாவாயி கேட்டா.

"அதொண்ணுமில்ல," ராக்கியண்ணன் கண்ணாடியில இருந்து கண்ணெடுக்காமச் சொன்னாரு. "பழைய சத்தம்."