ஏட்டுக்கு ஏடு

முன்னொரு காலத்தில் ஒரு நாடு பாலை ஊற்ற இடமில்லாமல் தவித்தது. இல்லாமல் தவித்த நாடுகள் ஆயிரம் உண்டு; மிஞ்சிப்போய்த் தவித்தது இது ஒன்றுதான். எந்த நாடு என்று கேட்காதீர்கள். அந்த நாட்டின் வரைபடத்தின் மேலேயே ஒரு குடம் பாலைக் கவிழ்த்து அழித்துவிட்டார்கள்.

அரசர் பெயர் குலவர்த்தனர். பிறந்தநாள் அன்று அவர் நெய்யில் பொரித்த அதிரசம் இருபத்தேழு சாப்பிட்டார். இருபத்தெட்டாவதைக் கேட்டபோது, நெய் தீர்ந்துவிட்டது என்று சமையற்காரர் கைகட்டி நின்றார். அரசருக்கு வந்ததே கோபம்!

"என் நாட்டில் நெய் தீர்வதா? வீட்டுக்கு ஒன்றாகக் கறவை மாடு கட்டச் சொல்லுங்கள்! கறக்கிற பாலையெல்லாம் அரண்மனை வாங்கிக்கொள்ளும்!"

வீட்டுக்கு ஒன்று என்றுதான் அரசர் சொன்னார். வாயில் பாதி அதிரசம் இருந்ததால் எழுத்தர் காதில் அது ஒன்பது என்று விழுந்தது. ஒன்பது என்றே எழுதி, முத்திரையும் குத்திவிட்டார். குடிகள் சோளக்காட்டைப் புல்காடாக்கி, ஒன்பது ஒன்பதாக மாடு கட்டினார்கள்.

ஆறே மாதம். ஊர்ப் பூனைகள் பாலைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு எலி பிடிக்கப் போயின. பிள்ளையாருக்கு நாளைக்கு நாற்பது முறை பாலபிஷேகம் நடந்து, அவர் தும்மியதைத் தன் காதால் கேட்டதாகப் பூசாரி சத்தியம் செய்தார். வாய்க்காலில் வெயில் நேரத்தில் குளிக்கப் போனவர்கள் தயிராகத் திரும்பி வந்தார்கள்.

பாலுக்கு உறை ஊற்றி, கடைந்து, நெய் உருக்கும் உரிமை அரண்மனைக் காய்ச்சு மண்டபத்துக்கு மட்டும்தான் உண்டு. அங்கே இருந்தவை ஏழே ஏழு கொப்பரைகள். அரசரின் பாட்டனார் காலத்தில் போட்டவை. அதற்கு மேல் ஒரு ஆழாக்கு வந்தாலும் வழிந்து அடுப்பு அணையும். எனவே தினமும் காலையில் பத்தில் ஒருவர் பால் உள்ளே போகும். ஒன்பது பேர் பால் வாசலிலேயே நிற்கும்.

அப்படி நின்றவர்களில் ஒருத்தி சீரங்காயி. புருஷன் இல்லாதவள். அவளுக்கு என்று இருந்தது அந்த ஒன்பது மாடுகள் மட்டும்தான்.

"கொப்பரை ரொம்பியாச்சு. திருப்பிக் கொண்டு போ" என்றான் வாயிற்காவலன்.

"கொண்டு போயி? மறுபடி மடியிலயே ஊத்தச் சொல்றீங்களா?"

சீரங்காயி குடத்தைச் சாலையோரமாகச் சாய்த்தாள். பால் நுரையோடு போய் மண்ணில் இறங்கியது. அவளுக்குப் பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராகச் சாய்த்தார்கள்.

அந்த வழியாக வந்தார் உத்தண்டியார். அரசவையின் விகடர். அவர் தும்மினால்கூட அரசர் சிரிப்பார்; அதனாலேயே அவரைக் கண்டால் சபையில் பாதிப் பேருக்கு வயிறு எரியும்.

"ஏம்மா, நாளைக்குக் கொஞ்சம் கம்மியாச் சுரக்கச் சொல்லி மாட்டுக்கிட்டச் சொல்லிப் பாத்தியா?"

"சொன்னேனுங்க சாமி. நல்லாத் தலையாட்டுச்சுங்க. காலைல ஒரு படி சேத்திச் சுரந்துருச்சு."

"கறக்காம விட்டா?"

"மடி கல்லாட்டம் கட்டிக்குமுங்க. கதறுமுங்க. அதைக் கேக்கறதுக்கு மண்ணுல ஊத்தறதே தேவலைங்க." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தோல் யாவாரி தெனமும் வேலியோரமா வந்து நிக்கறானுங்க. பால் மாடுன்னு யாரு கேக்கறா? தோலுக்குத்தான் கேக்கறானுங்க."

உத்தண்டியார் அன்று சிரிக்கவில்லை. நேரே சபைக்குப் போனார்.

"மகாராஜா, மாடுகள் தங்கள் ஆணைக்குக் கீழ்ப்படிந்துவிட்டன. கொப்பரைகள்தாம் கீழ்ப்படிய மறுக்கின்றன. இன்னொரு மண்டபம் வேண்டும். பெரிய ஏரிக்கரை மேட்டில் இடம் இருக்கிறது. மண் சுமக்கக் கறவைக்குடிகளே தயார்."

அரசர் தலையை ஆட்டப் போனார். பாதி ஆட்டும்போதே பிரதானி திருமேனிநாதர் எழுந்தார்.

"மகாராஜா பொறுத்தருள வேண்டும். ஏரியின் நலனைச் சிந்திக்காமல் ஒரு செங்கலும் வைக்கலாகாது."

பிரதானிக்கு ஏரியின் நலனில் அக்கறை வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அவருடைய புது மாளிகையின் சன்னல்கள் ஏரியைப் பார்த்துத் திறந்ததும் அந்த மாதம்தான். அவர் கை தட்டினார். யானை மேல் ஓலை ஏடுகள் வந்து இறங்கின. ஆட்சேபங்கள்! முந்நூற்றுப் பன்னிரண்டு ஏடு. இறக்கி முடிந்ததும் யானை அப்பாடா என்று உட்கார்ந்துவிட்டது.

புகையில் நாரைகள் இருமும். மண்டபத்தின் நிழல் விழுந்து அல்லி வாடும். விறகுக்குத் தோப்பு அழியும். கடைகிற சத்தத்தில் தவளைகளுக்குத் தாளம் தப்பும். மோர்த் தெளிவு கலந்து மீன் சாகும்.

இதில் தொல்லை என்னவென்றால், பிரதானி சொன்னதில் பாதி நிஜம். மோர்த் தெளிவை ஏரியில் விட்டால் மீன் மிதக்கத்தான் செய்யும். முழுப்பொய்யாக இருந்தால் உத்தண்டியார் ஒரே ஊதில் ஊதித் தள்ளியிருப்பார். பாதி நிஜத்தை என்ன செய்வது?

அரசருக்கு உறக்கம் வந்தது. "பிரதானியின் ஒவ்வோர் ஏட்டுக்கும் ஓர் ஏடு பதில் வரட்டும். ஏட்டுக்கு ஏடு. பிறகு முடிவு சொல்கிறோம்."

"உத்தரவு" என்றார் பிரதானி. "பாட்டனார் கால விதிப்படி, நாளொன்றுக்கு ஓர் ஏடே சபையில் வாசிக்கப்படும். சபையில் வைத்த ஏட்டை விசாரணை முடியும்வரை எவரும் வெளியே எடுக்கலாகாது. வரும் பௌர்ணமிக்குள் விசாரணை முடியாவிட்டால் உபரி மாடுகளைத் தோல் சந்தைக்கு ஓட்டிவிடலாம். மாடு குறைந்தால் பால் குறையும். பால் குறைந்தால் மண்டபம் எதற்கு, மகாராஜா?"

"அதுவும் சரிதான்" என்று அரசர் கண்ணை மூடினார். எல்லாம் அப்படியே உத்தரவாக எழுதப்பட்டது.

பௌர்ணமிக்கு இருந்தது எட்டு நாள். ஏடு முந்நூற்றுப் பன்னிரண்டு. இதைக் கேட்டதும் ஊரில் சிலர் மாடுகளுக்குப் புல் அறுப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

உத்தண்டியார் சீரங்காயியிடம் வந்தார். "எனக்கு முந்நூத்திப் பன்னெண்டு குடம் பால் வேணும். காய்ச்சி ஆறவெச்சு, மேல ஏடு கலையாம அரமனைக்குக் கொண்டாரணும்."

"குடிக்கவா, குளிக்கவா சாமி?"

"வாசிக்க."

இவருக்கும் புத்தி பிசகிவிட்டது என்று அவள் முடிவு செய்தாள். இருந்தாலும் எப்படியும் மண்ணுக்குப் போகிற பால்தானே என்று ஊரே காய்ச்சிக் கொடுத்தது.

மறுநாள் சபையில் அரியணைப் படியிலிருந்து வெளிவாசல் வரை குடங்கள். அமைச்சர்கள் குடத்துக்கும் குடத்துக்கும் நடுவே கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்றார்கள்.

"இது என்ன கூத்து?" என்றார் பிரதானி.

"பதில் ஏடுகள், பிரதானியாரே. முந்நூற்றுப் பன்னிரண்டு. எண்ணிக்கொள்ளலாம்."

"ஏடா? எங்கே?"

"பாலின் மேலே படிந்திருக்கிறதே, அதன் பெயர் என்ன?"

பிரதானி விழித்தார். சட்டென்று, "அதை ஆடை என்றும் சொல்வதுண்டு!" என்றார்.

"அப்படியானால் தாங்கள் அதை உடுத்திக் காட்டுங்கள். நான் குடங்களை எடுத்துக்கொண்டு போகிறேன்."

அரசருக்கு உறக்கம் கலைந்தது. "ஏடு என்றுதான் நாமும் சொன்னோம். வாசியும், பிரதானி."

பிரதானி முதல் குடத்தில் இரண்டு விரலால் ஏட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "மகாராஜா, இதில் ஓர் எழுத்துகூட இல்லை!"

"இது மூக்கால் வாசிக்கிற ஏடு" என்றார் உத்தண்டியார். "இன்றைக்கு இனிப்பாகத்தான் இருக்கும். நாளாக நாளாகத்தான் பொருள் விளங்கும்."

இரண்டாம் நாள் சபை புளித்தது. மூன்றாம் நாள் ஈக்கள் வந்தன. உள்ளூர் ஈக்கள் போதாமல் பக்கத்து நாட்டு ஈக்களும் வந்தன. எல்லைக் காவலர்கள் தடுக்கப் பார்த்து, கண்ணைத் திறக்க முடியாமல் வழிவிட்டார்கள். அரசவைப் புலவர் பாட வாயைத் திறந்து உடனே மூடிக்கொண்டார். அன்றைக்குச் சபைக்குக் கிடைத்த ஒரே நன்மை அதுதான். நாளொன்றுக்கு ஓர் ஏடு விதிப்படி வாசிக்கப்பட்டது. நான்காம் நாள் குடங்கள் தாமாகவே பொருமிப் பேச ஆரம்பித்தன. அரண்மனைக் கிளி, மனிதர்களைத் திட்டும் வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு மயங்கி விழுந்தது.

அரசர் அங்கவஸ்திரத்தை மூக்கில் சுற்றிக்கொண்டார். "போதும்! வெளியே கொட்டுங்கள்!"

"எங்கே கொட்டட்டும், மகாராஜா?" என்று உத்தண்டியார் பணிவாகக் கேட்டார். "ஏரியில் கொட்டினால் மீன் சாகும், பிரதானியாரின் பதினேழாம் ஏடு. மேட்டில் கொட்டினால் புல் கருகும், நாற்பதாம் ஏடு. தவிரவும் விசாரணை முடியாமல் எடுக்கலாகாது. இன்னும் முந்நூற்றெட்டு நாள் இருக்கிறது."

"முந்நூற்றெட்டு நாளா! பால் அதுவரை தாங்குமா?"

"தாங்காது, மகாராஜா. ஓலை ஏடு நூறு வருஷம் காத்திருக்கும். இந்த ஏடு ஒரு பொழுது காத்திருக்காது."

அரசர் மூக்குத் துணியைச் சற்று விலக்கினார். "அப்படியானால் குடிகள் தினமும் எங்கே கொட்டுகிறார்கள்?"

"மண்ணில். மண் குடித்தது போக மிச்சம் ஓடை வழியாக ஏரிக்குத்தான் போகிறது. மண்டபம் வந்தால் ஏரி கெடும் என்று பிரதானியார் எழுதினார். மண்டபம் வராமலே ஏரி கெடுவதை எழுத அவருக்கு ஓலை தீர்ந்துவிட்டது போலும்."

"இது அபவாதம்!" என்று பிரதானி துள்ளிப் பின்வாங்கினார். பின்னால் நூற்றிருபதாம் குடம். அதில் அமர்ந்தார். அது உடைந்து, அதை ஒட்டியிருந்த பதினாறு குடங்களும் சரிந்து அவர் மேல் கவிழ்ந்தன. எழுந்து நின்றபோது தலைப்பாகையிலிருந்து பாதம் வரை ஏடு போர்த்தியிருந்தது.

"மகாராஜா," என்றார் உத்தண்டியார், "பிரதானியார் சொன்னதே சரி. அது ஆடைதான்."

அரசர் சிரித்தார். எப்படிச் சிரித்தார்! கிரீடம் உருண்டு மூன்று குடம் தாண்டிப் போய் விழுந்தது. மயங்கிக் கிடந்த கிளி எழுந்து உட்கார்ந்தது. அரசர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏரிக்கரை மேட்டில் இரண்டாவது மண்டபம் கட்டலாம் என்று தீர்ப்பு எழுதச் சொன்னார். தோப்பு விறகு கூடாது, வறட்டிதான் எரிக்க வேண்டும். மோர்த் தெளிவை மாட்டுத் தொட்டியில் விட வேண்டும், ஏரிக்கு ஒரு சொட்டும் போகக் கூடாது என்று உத்தண்டியாரே கேட்டு எழுதி வாங்கினார். அரசர் தம் கையிலிருந்த பொற்கடகத்தைக் கழற்றி அவர் கையில் பூட்டினார்.

உத்தண்டியார் தீர்ப்பு ஏட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சீரங்காயி வீட்டுக்கு ஓடினார்.

தொழுவத்தில் ஒன்பது முளைகள் இருந்தன. ஒன்பது கயிறுகள் இருந்தன. நடுவில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"மாடு எங்கம்மா?"

"நாலு நாளைக்கு நாலு ஏடுதான் ஆச்சுன்னு சொன்னாங்க சாமி. பௌர்ணமிக்கு ஊரு மாடெல்லாம் ஒண்ணாப் போனா தோலுக்குக்கூடக் கேக்க ஆளிருக்காதுன்னாங்க. கெடைச்ச காசுக்குக் குடுத்துட்டேனுங்க. தோல் யாவாரி காலைல ஓட்டிட்டுப் போயிட்டானுங்க." அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "கறக்கக்கூட விடலைங்க."

அவர் மறுபடி ஓடினார். வயசான மனிதர், அன்று ஓடிய ஓட்டத்தில் குதிரைகள் ஒதுங்கி வழிவிட்டன. மணல் ஆற்றின் நடுவே மாடுகளைப் பிடித்தார். பிடிக்க முடிந்ததற்குக் காரணம் ஒன்றுதான்: மடி கனத்து, பால் சொட்டச் சொட்ட, அவற்றால் நடக்க முடியவில்லை. தோல் வியாபாரி குச்சியோடு பின்னால் நின்று கத்திக்கொண்டிருந்தான்.

உத்தண்டியார் கடகத்தைக் கழற்றி நீட்டினார்.

"ராசா கடகத்துக்கு ஒம்பது தோலா?" அவனுக்கு வாயெல்லாம் பல். "சாமி, இதுதான் நீங்க பண்ணுனதுலயே பெரிய வெகடம்!"

மாடுகள் தொழுவத்துக்குத் திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. ஒன்பதும் கதறின. சீரங்காயி ஒவ்வொன்றின் முகத்தையும் தடவிவிட்டு, குந்தி உட்கார்ந்து கறக்க ஆரம்பித்தாள். ஒருத்தியால் ஆகிற காரியம் இல்லை என்று உத்தண்டியாரும் ஒரு சாதுப் பசுவாகப் பார்த்து உட்கார்ந்தார். இரண்டு உதை வாங்கினார். மூன்றாம் முறை பால் இறங்கியது.

"மண்டபத்துக்கு உத்தரவு ஆயிருச்சும்மா."

"சந்தோசமுங்க சாமி. எப்ப அடுப்பு மூட்டுவாங்க?"

"கல்லு வரணும். நாள் பாக்கணும். கொப்பரை வார்க்கணும்..." அவர் பசுவின் விலாவைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வர்ற தை போயி, அடுத்த தை."

அவள் கறந்துகொண்டே இருந்தாள். குடம் நிறைந்ததும் எழுந்து, வெளியே போய்ச் சாய்த்துவிட்டு வந்து அடுத்த மாட்டிடம் உட்கார்ந்தாள். உத்தண்டியாரின் குடமும் நிறைந்தது. நுரை வழிய அதைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

"ஓடைப் பக்கம் வேண்டாமுங்க, ஏரிக்குப் போயிரும்" என்று உள்ளேயிருந்து சீரங்காயி சொன்னாள். "அப்படி வேலியோரமா ஊத்துங்க சாமி. மொத நாளுதான் கை நடுங்குமுங்க."